பொன்முடியிலிருந்து கடல் தெரிந்தது

1999 டிசம்பர் 9, வியாழன்

மழை இல்லை. மேகம் உண்டு. என் எழுத்து கோணலாக இருக்கிறது, வரி ஏறியும் இறங்கியும் போகிறது. இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். சாலைக் கடைத்தெருவில் நாற்பது வருடம் மூட்டை பிடித்த கை. பேனா பிடித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

நாளை பொன்முடி. இரண்டு ராத்திரி. நானும் வீட்டுக்காரி ரஞ்சிதமும் மட்டும். திங்கள்கிழமை அவளுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் முதலில். இப்போது வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், முகம் தெரியாது.

"அறுக்கதுக்கு முன்ன அந்த மலையில ஒரு தடவை நிக்கணும். கண்ணு வரலேண்ணா?" என்றாள். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் அவள் பார்த்த மலை. அங்கிருந்து பார்த்தால் நம் ஊர்க் கடல் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது வேண்டுமாம்.

எனக்கு எழுத்து சொல்லித்தந்ததும் அவளே. கண் மங்கி அவளால் வேதபுத்தகம் வாசிக்க முடியாமல் போனதும், "இனி நீரு வாசியும்" என்று உட்கார வைத்தாள். அவள் உள்ளங்கையில் நான் விரலால் எழுதிக் காட்டுவேன். தப்பென்றால் மண்டையில் ஒரு கொட்டு.

பையில்: போர்வை 2, குளிர் குல்லா 2, அவல், சர்க்கரை, கண் சொட்டு மருந்து, வே. புத்தகம், தீப்பெட்டி, இந்த நோட்டு. பை மருமகனுடையது. பட்டாளத்துப் பை, முதுகில் மாட்டுவது.

டிசம்பர் 10, வெள்ளி

பஸ் போர்டு மலையாளம். அந்த எழுத்து அடுத்த வருடம் படிக்க வேண்டும். கண்டக்டரிடம் கேட்டு ஏறினோம்.

விதுரா தாண்டிக் கல்லாறு. பிறகு வளைவுக்கு மேல் வளைவு. நான் இரண்டு முறை வாந்தி. அவளுக்கு ஒன்றும் இல்லை. "சந்தையில பெரிய சண்டியராக்கும்" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

ரெஸ்ட் ஹவுஸில் இடம் இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்க வேண்டுமாம். எழுதப் படித்தும் இது தோன்றவில்லையே. வாசலில் நின்றோம். பஸ்ஸில் கூட வந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாள், முத்துக்கனி, திரும்பி வந்தாள். "அண்ணாச்சி, லயத்துல எங்க பக்கத்து ரூம்பு சும்மாதான் கெடக்கு. மதினிய எதுக்குக் குளிருல நிறுத்தி வச்சிருக்கீக?" முன்பின் தெரியாத மனுஷி.

லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். அங்கே போக மண்பாதை, நெட்டுக்குத்து ஏற்றம். பையின் வார் தோளை அறுத்தது. பாதி வழியில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துப் பையைத் தலையில் ஏற்றினேன். அப்புறம்தான் மூச்சு வந்தது. ஒரு கையால் ரஞ்சிதத்தைப் பிடித்துக்கொள்ளவும் முடிந்தது. எதிரே பெரிய பைகளோடு இரண்டு வாலிபர்கள் இறங்கி வந்தார்கள்.

"தாத்தா, அத முதுகுல மாட்டணும்."

"தெரியும் மக்கா. முதுகுக்குத் தெரியணும்லா."

அதில் ஒருவன் தன் பையைத் தலையில் வைத்துப் பார்த்தான். நாலு எட்டு வைத்தான். பை தேயிலைக்குள் விழுந்தது. ரஞ்சிதம் சத்தத்தைக் கேட்டே சிரித்தாள்.

தேயிலைப் பெட்டி எத்தனையோ சுமந்திருக்கிறேன். செடியை இன்றுதான் பார்த்தேன். இடுப்பு உயரம்தான். இவ்வளவு சின்னச் செடியா!

காலில் அட்டை 3. உப்பு வைத்து எடுத்தது முத்துக்கனி.

டிசம்பர் 11, சனி

பனி. கை நீட்டினால் கை தெரியவில்லை. காலை முழுவதும், மத்தியானமும். இங்கே யாருக்கும் அவசரம் கிடையாது. டீக்கடைக்காரர் எங்களுக்கு டீ கொடுத்துவிட்டுத் தானும் ஒரு டீயோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு ரொம்பப் பிடித்த ஊர்.

மூன்று மணிக்கு உச்சிக்குக் கூட்டிப் போனேன். அங்கும் வெள்ளைதான். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்பிடி இருக்கு? சொல்லும்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மலைக்குப் பின்னால் மலை, கீழே ஆறு, தூரத்தில் கடல், கப்பல் ஒன்று என்று சொன்னேன்.

"கப்பலா?"

"ஆமா."

"ஓய், பனி என் மூஞ்சில வந்து அடிக்குது. மூக்கு நுனி நனைஞ்சு போச்சு. நீரு கப்பலைக் கண்டீராக்கும்!"

பிறகு அவளே, "இப்பம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. நல்லதாப் போச்சு" என்றாள். சிரித்தாள். ஆனால் என் கையை விட்டுவிட்டாள். திரும்பும்போது பாதை ஓரத்துச் சுவரைத் தடவித் தடவி அவளாகவே நடந்தாள்.

அந்தக் கப்பலைச் சொல்லியிருக்க வேண்டாம்.

டிசம்பர் 12, ஞாயிறு

பஸ் பதினொன்றுக்கு. ஆறரை மணிக்கு மறுபடியும் உச்சி. பனிதான். ஏழு மணி, பனி. ஏழே கால், காற்று. பனி துணி விலகுவதுபோல ஒரு பக்கமாக நகர்ந்தது.

கண்டதை அப்படியே எழுதுகிறேன். மலை ஐந்து வரிசை. முன்னால் பச்சை, பின்னால் நீலம். கீழே ரோடு, அதில் சிவப்பு பஸ் ஒன்று, தீப்பெட்டி அளவு. தூரத்தில் வெளுப்பாக நிலம். அதற்கு அப்பால் ஒரு கோடு, தகரம் போல மினுங்கியது. கடல். கப்பல் இல்லை.

"ரஞ்சிதம், கடல் தெரியுது."

"பச்சை தெரியுது எனக்கு. நெறைய பச்சை" என்றாள். முகம் மலர்ந்தது. பிறகு, "கடலும் கப்பலும் உம்ம கணக்கு" என்றாள்.

சத்தியம் செய்தேன். நம்பவில்லை. பத்து நிமிடத்தில் பனி மூடிவிட்டது. சாட்சி சொல்ல ஒரு ஆள் இல்லை.

இறங்கும்போது அவளே வந்து என் கையைப் பிடித்தாள். "நோட்டில எழுதி வையும். கண்ணு கிட்டின பெறவு நான் வாசிச்சு நம்பிக்கிடுதேன். ஒரு வரி எழுத ஒமக்கு அரை மணிநேரம் ஆவும். அவ்வளவு நேரம் பொய் பறைய ஒமக்கு ஒக்காது."

முத்துக்கனி ஒரு பொட்டலம் தேயிலை தந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை. பையின் மேல் அறையில் வைத்தேன். வரும் வழியெல்லாம் வாசம். வாந்தி இல்லை.

டிசம்பர் 14, செவ்வாய்

வெயில். நேற்று ஆபரேஷன் நடந்தது. டாக்டர் நன்றாக வந்தது என்கிறார். கட்டோடு படுத்திருக்கிறாள். வேதபுத்தகத்திலிருந்து இரண்டு சங்கீதம் வாசித்தேன். ஒரு இடத்தில் தடுக்கியது. கொட்டு விழவில்லை, கை எட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கே படிக்கக் கஷ்டமாக இருந்தது. அதனால் இன்று புதுப் பக்கத்தில் அதையே பெரிய எழுத்தில் மறுபடி எழுதினேன். ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

"பேனாச் சத்தம் கேக்குது. என்ன எழுதுதீரு?"

"கடல்."

"கப்பல் உண்டா?"

"இல்ல."

"ம்" என்றாள். திரும்பிப் படுத்தாள்.

வரும் திங்கள் கட்டு அவிழ்க்கிறார்கள். அன்றைக்கு இந்த நோட்டு அவள் கையில். வாசித்துவிட்டு என்ன சொல்கிறாளோ, அதை எழுத அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.