அண்ணனுக்குச் சொல்லாமல் விட்ட ஏழாவது வரி

அண்ணி,

குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது. அண்ணன் சாப்பிட்டதும் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இன்டர்நெட் இணைக்கும் கட்டளைகளைத் தாளைப் பார்த்து நான் சொல்ல, அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். மடியில் ரஷ்ய நாவலை வைத்துக்கொண்டு ஏழாவது வரியை விட்டுவிட்டேன். கண் தெரியாதவர் என் கண்ணை நம்பினார். "என்ற வெரலுதான் தப்புப் பண்ணுது" என்று இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார். நான் வாயே திறக்கவில்லை.

இன்று மோடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். விடாதீர்கள். தாளில் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், தட்டிவிடுவார்.

அவிநாசி போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன்.

கலாமணி

அவர் திட்டினால் ஒரு சொல் விடாமல் என்னிடம் சொல்லுங்கள். "பரவால்ல உடு, அம்மணி" என்றால் மட்டும் சொல்ல வேண்டாம்.