கம்பத்துக்குப் போன குஞ்சுகள்

அன்பான என் அக்காவுக்கு, கோபத்தோடு,

யோங் பெங் பாலர் பள்ளியில் உன் வகுப்பை நான் எடுத்துக்கொண்டு ஐந்து மாதம் ஆகிறது. நீ வைத்துவிட்டுப் போன இன்குபேட்டரில் இந்த வருடமும் பன்னிரண்டு முட்டைகள் வைத்தேன். இருட்டாக்கிய வகுப்பில் டார்ச் அடித்து, முட்டைக்குள் சிவப்பு நரம்பு தெரிந்தபோது, ஆறு வயதுப் பிள்ளைகள் பாயைவிட்டு எழுந்து என்னை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது பொரிந்தன. இதை முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. இப்போது எழுதுவது வேறு காரணத்துக்கு.

குஞ்சுகள் எங்கே என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கேட்பார்கள். "கம்பத்துக்கு அனுப்பியாச்சு" என்பாய். அவர்கள் கைதட்டுவார்கள். நானும் நம்பினேன். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஏதோ ஒரு கம்பத்தில், கிராமத்து வீட்டு முற்றத்தில் அவை மண்ணைக் கிளறிக்கொண்டு திரிவதாக நானே ஒரு படம் போட்டு வைத்திருந்தேன்.

போன வாரம் குஞ்சுகள் பெட்டியைத் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தன. உன் கைப்பேசியில் 'கம்பம்' என்று ஓர் எண் இருந்தது. அதிலிருந்தே அழைத்தேன்.

"டீச்சர்! என்ன இந்த வருஷம் லேட்டு?" ஓர் இளைஞனின் குரல்.

"நான் அவங்க தங்கச்சி. உங்க கம்பத்துல ஒன்பது குஞ்சுக்கு இடம் இருக்குமா?"

"கம்பமா? நான் தாமான்ல வரிசை வீட்டுல இருக்கேன்லா, கோழி வளர்க்க இடம் ஏது? டீச்சர் என் பாம்புக்குத்தானே கொடுப்பாங்க."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாம்பும் சாப்பிட வேண்டும். ஆனால் நீ? குஞ்சுகளை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்று என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றுதான் இன்னொன்றும் உறைத்தது. "கேஸ்ட்ரிக் வலிதான்டி, நீ பரீட்சையப் பாரு" என்று மூன்று மாதம் சொன்னாய். அது பிழைக்க முடியாத நோய் என்று அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். எனக்குக் கடைசி வாரத்தில்தான் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைகளோடு பிள்ளையாக என்னையும் பாயில் உட்கார வைத்துவிட்டாய், இல்லையா? உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நாட்களை நான் நூலகத்தில் கழித்தேன்.

நேற்று யாழினி கேட்டாள், "டீச்சர், எங்க அண்ணன் வகுப்புக் குஞ்சு கம்பத்துல பெரிசாயிருக்குமா?" அவள் அண்ணன் உன்னிடம் படித்தவன். உன் பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபமான பதில் அது!

"இல்லம்மா. அதையெல்லாம் பாம்புக்குச் சாப்பிடக் கொடுத்துட்டாங்க."

அவள் அழுதாள். பின்னாலிருந்து தினேஷ், "அலமாக்! அப்போ பெரிய டீச்சர் பொய் சொன்னாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். உன் பெயரை நான் காப்பாற்றவில்லை, அக்கா.

"இதுங்க?" என்றாள் யாழினி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வீடு தேடிக்கிட்டிருக்கேன். இன்னும் கிடைக்கல."

இன்று நான்கு குஞ்சுகளுக்குக் கிடைத்துவிட்டது. ஐந்து இன்னும் வகுப்பில் கத்திக்கொண்டிருக்கின்றன.

இனிமேல் வீடு பார்த்த பிறகுதான் முட்டை வைப்பேன். உன் முதல் வருடத் திதிக்கும் வருவேன். கோபம் தீர்ந்திருக்காது, தீர்ந்ததுபோல நடிக்கவும் மாட்டேன். எல்லோரும் கும்பிட்டு எழுந்து போன பிறகும் உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அந்த மூன்று மாதம் உனக்கு எங்கே வலித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

உன் ஒரே தங்கை,
மலர்