அடிக்குறிப்பில் என் பெயர்

ஆனி 9, திங்கள்.

சிதம்பரத்தில் இன்று பல்கலைக்கழக அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், மகள் கயல், அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம்.

கயல் ஆராய்வது நூறு வருஷத்துக்கு முன் ஒரு அமெரிக்கப் பெண் எழுதிய நாவல். நாயகி கடைசியில் தோற்றுவிட்டாள் என்றே அறிஞர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அகராதியோடு இரண்டு முறை படித்தேன். கதை முழுக்க எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிடுகிறவள், கடைசிப் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தோற்றவள் அப்படிச் செய்வாளா? நான் சொன்னதைக் கயல் ஆய்வேட்டில் எழுதிவிட்டாள்.

"இத யாரு சொன்னது? அடிக்குறிப்புல பேரு இல்லன்னா எடுத்துடணும்" என்றார் மேடம்.

"எங்கம்மாதான் மேடம். அவங்க பேரையே போட்டுடறேன். சமையக்கட்டுலதான் கண்டுபுடிச்சாங்க."

மேடம் சிரித்துவிட்டார். "யோசிச்சு சொல்றேன்."

கடலூர் திரும்பியதும், வீட்டுக்காரர் வருவதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பார் சூடாக இருந்தது. நடராஜா, மேடத்தைச் சீக்கிரம் பதில் சொல்ல வை.