சர்க்கஸ் வாசலில் கம்பெனி சாவி

ஏனுங்க,

உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குச் சர்க்கஸ் பார்க்கப் போகிறேன். நேற்று நீங்கள் போட்ட சத்தம் மறக்கவில்லை. "சர்க்கஸ்ல என்ன இருக்குது? நம்ம பனியன் மிஷின் சுத்தறதப் பாத்தாப் பத்தாதா?"

பத்தாதாம். அவர் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கம்பெனியில் உட்காரவைத்து மிஷினையே காட்டினீர்கள். அக்கா தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். அது தூக்கமுங்க! காலையில் நங்கையாவே என்னிடம் கேட்டார்:

"ஏம்புள்ள ரங்காத்தா, இந்தப் பக்கம் பாக்கறதுக்கு வேற ஒண்ணுமே இல்லியா?"

"ஆனை பந்தாடறதப் பாக்கலாமுங்களா நங்கையா?"

"தம்பி கத்துவானே?"

"கத்தட்டுமுங்க. நம்ம பஸ்ஸேறிப் போயிரலாமுங்க."

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். தயிர் உறியில்.

ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியைத் திறக்கலாமென்று ஆணியில் சாவியைத் தேடாதீர்கள். அது என் இடுப்பில் இருக்கிறது. சாயங்கால ஆட்டத்துக்குக் கூடார வாசலில் நிற்போம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

— ரங்காத்தாள்

மறந்துவிட்டேன்: சலவைச் சட்டை கட்டில்மேல். எண்ணெய்க் கறைச் சட்டையோடு வராதீர்கள்.

இன்னொன்று: உங்களுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்குவேன். ஆனை பந்தாடி முடித்த பிறகுதான் சாவி.