கடற்பாசித் தாளில் எழுதியது

அன்பு மகள் தென்ரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் மூச்சு எப்படி இருக்கிறது? பதிலில் அதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

இந்தத் தாளைத் தடவிப் பார். மரம் இல்லை, கடற்பாசி. மரக்கூழ் ஆலையில் நான் இருந்தபோது காட்டை எரித்த புகையில் உனக்கு இளைப்பு வந்து, மக்காசரில் சித்தி வீட்டுக்கு அனுப்பினோமே, அன்றே அந்த வேலை கசந்துவிட்டது. அதனால்தான் இந்த நுனுக்கான் கரைக்கு வந்தேன். ஆனால் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார், இந்தச் சோதனையிலும் தாள் கிழிந்தால் பாசிக்கூழை மூடிவிடுவேன், பழைய ஆலைக்கே போய்விடு என்று. அங்கே போனால் உன்னைக் கூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

பாசியை வேகவைத்துப் பசையை இறக்கிவிட்டு, மிஞ்சுகிற நாரைத்தான் வெளுத்துக் கூழாக்குகிறோம். பசை தங்கினால் தண்ணீர் வடியாது, கூழை ஊற்றி வடிக்கிற கம்பி வலையோடு தாள் ஒட்டிக் கிழியும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. சோதனையன்று கொப்பரை கொதிக்கும்போது, பாசி அலசும் பெஸ்ஸே அக்கா பொரித்த வாழைப்பழத்தை நீட்டினாள். வேண்டாம், வேலை கிடக்கிறது என்றேன். அலசுகிற பெண்கள் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். நீட்டினதத் தொடாமப் போனா கெட்டது நடக்கும்னு தெரியாதா தம்பி, போன தடவ காப்பியத் தொடல, தாள் கிழிஞ்சுது, இந்தத் தடவ உன் வேட்டியே கிழியப்போவுது என்று ஒரே சிரிப்பு. விரலால் தொட்டேன். தொட்டா போதுமா, உக்காந்து தின்னுங்க, பாசி ஒண்ணும் நீந்திப் போயிடாது என்று உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். உட்கார்ந்தேன். காப்பி வந்தது, பிறகு உன் பேச்சு வந்தது, அது வந்தால் அம்மா நிறுத்துவாளா? எழுந்தபோது இறக்கவேண்டிய நேரம் எப்போதோ போயிருந்தது. திட்டிக்கொண்டே இறக்கி, வெளுத்துக் கூழாக்கி வலையில் ஊற்றினேன். தாள் வலையிலிருந்து முழுசாக எழும்பி வந்தது.

கூடுதலாக வெந்ததில் பசை இறங்கிவிட்டது, விஷயம் அவ்வளவுதான். பெஸ்ஸே அக்காவுக்கு விளக்கினேன். ஆமாமா, அதான தொடச் சொன்னோம் என்றாள். முதலாளி இழுத்துப் பார்த்தார், மடித்துப் பார்த்தார், சரி நடத்து என்றார்.

பள்ளி முடிந்ததும் கப்பலேறிவிடு. கடலைப் பார்த்த அறை உனக்கு, இங்கே புகை கிடையாது. இளைப்பு மருந்தைப் பெட்டியில் போடாதே, கையோடு வை. சித்தி சொல்வதைக் கேள். இறைவன் உன் மூச்சுக்குத் துணையிருப்பான். வழியில் யார் எதை நீட்டினாலும், வேண்டாமென்றாலும், ஒரு விரலாவது வைத்துவிட்டு வா. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் தொடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா மக்குலாவ்