தை மாதத்து வீடு

12.1.1988, ஹொல்ஸ்டெப்ரோ
துப்புரவு வேலைக்குப் போகும் கம்பனியில் மிஞ்சிய கலண்டர் ஒன்று தந்தார்கள். கொரியாவின் பழைய வீடுகளாம், மாதத்துக்கு ஒன்று. தை மாதத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கறி அடிப்பிடித்துவிட்டது. ஓட்டுக் கூரையின் முனைகள் மேலே வளைந்து, கொக்கு எழும்பப் போகிற மாதிரி. கதவுகளுக்கு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருக்கிறது. உள்ளே விளக்கு எரிய, கதவே வெளிச்சமாய் நிற்கிறது. படிக்கல்லில் இரண்டு சோடிச் செருப்பு, ஒன்று சின்னது. கூரை முழுக்கப் பனி.

என் மனிசன் குருசுமுத்து பார்த்துவிட்டு, கடதாசிக் கதவென்றால் விறைச்சுச் சாவாய் என்கிறார். இவருக்கு வடிவும் விளங்காது, என்னையும் விளங்காது.

17.1
இவரின் தம்பி ஸ்ரனிஸ்லாஸ் எங்களோடுதான் இருக்கிறான். மன்னாரில் இருக்கும் மனிசி செலீனாவையும் பிள்ளையையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருசம். குடிவரவுக் கந்தோரில் கேட்டால் ‘பொறு’.

இன்று அவளுக்குக் கடிதம் எழுதினான். நான் மாசம் முடிய முந்தியே தை மாதத்தைக் கிழித்து, பின்னால் ‘இதுதான் எங்கடை வீடு, வந்து பனியைக் கூட்டு’ என்று எழுதி உள்ளே வைத்தேன். ஒட்டும்போது கண்டான், சிரித்தான்.

“அவள் நம்பிப் போடுவாள், மச்சாள்.”

“நம்பட்டன். கொஞ்ச நாள் மாளிகையிலை இருக்கட்டும்.”

9.3
நம்பிவிட்டாள்! பூசை முடிய எல்லாருக்கும் படத்தைக் காட்டினாளாம். வயிறு நோகச் சிரித்தேன். உண்மையை எழுதப் போகிறேன் என்றான் ஸ்ரனிஸ்லாஸ். இப்ப எழுதினால் ஊரில் அவளுக்குத்தான் வெட்கம் என்றேன். எழுதவில்லை.

20.6
கந்தோர்: பொறு.

2.10
செலீனா பேசிப் பதிந்து அனுப்பிய கசெற் வந்தது. மேசையில் வைத்துக் கேட்டோம்.

“அவ்வளவு பெரிய வீட்டிலை எங்களுக்குப் படுக்க ஒரு மூலை இல்லையோ? அரசாங்கம் மறிக்குதெண்டு இனிச் சொல்லாதேங்கோ.”

ஸ்ரனிஸ்லாஸ் நிற்பாட்டினான். என் வாய் சும்மா கிடந்ததா? ஐப்பசிப் படத்தில் ஒரு மாட்டுக்கொட்டில் இருக்கு, அது காணுமோ எண்டு கேள் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

15.11
கசெற் வந்த கிழமையே உண்மையை எழுதினான். நாங்கள் இருக்கிற மாடிக்கட்டடத்தின் கீழ் நின்று படமும் எடுத்து அனுப்பினான். இன்று பதில் வந்தது: இது யாருடைய கட்டடம் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

14.3.1989
எங்கள் ஆக்களின் விண்ணப்பங்களை மேலிடத்தில் வேணுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்களாம். பேப்பரில் வந்ததை ஸ்ரனிஸ்லாஸ் வாசித்துச் சொன்னான். குரலை உயர்த்தவே இல்லை. என்னை ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

6.5
அனுமதி வந்துவிட்டது. தாயும் பிள்ளையும். கொழும்புக்குப் போய் முகம் காட்டி விசாக் கடதாசி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேசரி கிண்டினேன்.

28.5
கனநாள் முயன்று இன்றுதான் மன்னாருக்கு லைன் கிடைத்தது. ஸ்ரனிஸ்லாஸ் கெஞ்சினான். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னான். இதுவும் ஒரு படமோ என்று கேட்டாளாம். இத்தனை ஆமிச் சென்றி தாண்டி, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு கொழும்புக்கு வரமாட்டாளாம்.

நான் ரிசீவரைப் பறித்தேன். “செலீனா, அது கலண்டர். நான்தான் பகிடிக்கு எழுதினது. எங்களுக்கு ரெண்டு அறைதான், பிள்ளை. உண்மையாத்தான் கூப்பிடுறான், வா.”



“இதுவும் உங்கடை பகிடி எண்டு எனக்குத் தெரியும்தானே, அக்கா,” என்றாள். வைத்துவிட்டாள்.

என்ன சொன்னவள் என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்டான். லைன் சரியில்லை, ஒண்டும் விளங்கேல்லை என்றேன்.