அத்தை காண வேண்டிய கனவு

லா ரோஸ் குடா,
கரியக்கூ தீவு.
மார்ச், 1993

அன்புள்ள வெர்லின் அத்தைக்கு,

உங்கள் தம்பி ஆஸ்ரிக் சொல்லச் சொல்ல, அவர் மகன் லெஸ்டன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உங்கள் நலமும் ஜெரோம், டமிகா நலமும் அறிய ஆவல். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான் சொந்தமாகச் சேர்ப்பது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதால் அவரால் இதைப் படிக்க முடியாது. (உடைத்தது நான் இல்லை. ஆடு.)

ஜூலைக் கடைசியில் பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்ற வரியை அப்பா மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். (ஒரு தடவை "வரவில்லை" என்று மாற்றி வாசித்தேன். செருப்பு பறந்தது. பதினோரு வருஷமாக அக்காவைப் பார்க்காதவரிடம் விளையாடக் கூடாதாம்.)

நீங்கள் அனுப்பிய பணத்தில் உங்களுக்கான அறை எழும்பிக்கொண்டிருக்கிறது. கடலைப் பார்த்த ஜன்னல். சிமெண்டுக்குத்தான் செலவு, மணல் நம் குடாவிலிருந்தே பாய்சியின் லாரியில் வருகிறது. "கடல் குடுக்குது, நாம அள்ளுறோம். இதுக்குப் போயி யாராவது காசு குடுப்பானா?" என்கிறார் அப்பா. ஊரில் எல்லோரும் இப்படித்தான். இங்கிலாந்திலிருந்து யார் கடிதம் போட்டாலும் இங்கே ஒரு அறை முளைக்கிறது. (கட்டுவது வீடு, சொல்வதெல்லாம் கட்டுக்கதை.)

அஸ்திவாரம் போட்ட அன்று முறைப்படி ரம்மும் தண்ணீரும் தரையில் ஊற்றினோம். முன்னோர்களுக்குத் தட்டும் வைத்தோம். தாத்தாவுக்குப் பிடித்த சோளக்களி, பொரித்த மீன். காலையில் தட்டு காலி. (பூனை. அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் முகத்தில் அத்தனை நிம்மதி.)

பிள்ளைகளுக்கு மெல்லிய பருத்திச் சட்டை போதும். மணலில் விளையாட வாளியும் சின்ன மண்வாரியும் கொண்டுவரச் சொல்லுங்கள். கரையோரம் குட்டி ஆப்பிள் மாதிரிப் பச்சையாகத் தொங்கும் விஷப் பழத்தைத் தொடவே கூடாது, மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது என்று இப்போதே பயமுறுத்தி வையுங்கள். ஆமை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதை ஜெரோமுக்குக் காட்டுவது என் பொறுப்பு.

(போன வருஷம், அரசாங்கம் நம் தீவைக் கயிறு கட்டி பெரிய தீவான கிரெனடாவுக்குப் பக்கத்தில் இழுத்து வைக்கப் போகிறது என்று எழுதினேன். நீங்கள் அதை நம்பி, வேலை செய்யும் மில்லில் எல்லோரிடமும் சொன்னீர்களாமே! இந்தக் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தைரியமாகப் படியுங்கள்.)

நீங்கள் தங்க வரும் நாளைத் தங்கமாக எண்ணிக் காத்திருக்கும்,
மருமகன் லெஸ்டன்


லா ரோஸ் குடா
மே, 1993

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் கேள்விகளுக்கெல்லாம் அப்பாவின் பதில்கள் இதோ. கொசுவலை இருக்கிறது. பால்மாவு மிஸ் யூனாவின் கடையில் கிடைக்கும். ரெகாட்டா படகுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்.

டமிகாவுக்கு நீச்சல் தெரியாது, கரையோரம் இன்னமும் முழங்கால் தண்ணீர்தானே என்று கேட்டிருந்தீர்கள். "எழுதுடா, கொழந்தைய குளிப்பாட்டுற தொட்டி மாதிரின்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். அவர் ஆணி வாங்கப் போயிருக்கிறார். இனிமேல் வருவதெல்லாம் அடைப்புக்குறி போடாத அடைப்புக்குறி.

அத்தை, நீங்கள் ஊஞ்சல் கட்டி ஆடியதாக ஜெரோமிடம் சொல்லியிருக்கும் கடல் திராட்சை மரம் விழுந்துவிட்டது. வேர்கள் முதலில் வெளியே தெரிந்தன, நாங்கள் அதில் துணி காயப்போட்டோம். பிறகு ஒரு நாள் மரம் துணியோடு படுத்துக்கொண்டது. "காத்துல விழுந்திருக்கும்" என்றார் அப்பா. அந்த வாரம் காற்றே அடிக்கவில்லை.

ஆமையும் வந்தது. காலையில் போய்த் தடம் பார்த்தேன். தண்ணீரிலிருந்து டிராக்டர் போன மாதிரி மேலே ஏறி, கல் தெரியும் இடம் வரை வந்து, அப்படியே வளைந்து திரும்பிப் போயிருந்தது. குழி இல்லை, முட்டை இல்லை. அடுத்த வாரமும் அதே தடம், அதே வளைவு. தோண்ட மணல் இல்லை, அத்தை. மேலே பாறாங்கல்தான். கரை கரைகிறது என்று ஒரு சிலேடை எழுதி உங்களைச் சிரிக்க வைக்கலாம் என்று இருந்தேன். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. அப்பாவின் கனவில் தாத்தா வந்தாராம். கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு, தொப்பலாக நனைந்து நின்று, "நிக்க எடமில்லடா ஆஸ்ரிக்" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இங்கே செத்தவர்கள் கனவில் வந்து கேட்டால் மறுநாளே செய்ய வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தார். கடைசியில், "வீடு பத்தலன்னு சொல்றாரு. அக்கா வர்றா, பிள்ளைங்க வருது, அவருக்கு உக்கார ஒரு வராண்டா வேணாமா?" என்றார்.

பாய்சியின் லாரி இப்போது முன்னைவிட அதிகமாக வருகிறது.

அன்புடன்,
லெஸ்டன்


லா ரோஸ் குடா
ஜூன், 1993

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. தபால் படகில் போகிற ஒரு நண்பனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து எல்லோரும் கரைக்குப் போனோம். பெரிய பானையில் பலாக்காயும் உப்புக்கண்டமும் தேங்காய்ப்பாலில் வெந்துகொண்டிருந்தன. டமிகா எங்கே நிற்க முடியும் என்று பார்த்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று நான் தண்ணீரில் இறங்கினேன். முதல் எட்டு முழங்கால். அடுத்த எட்டு வைத்தேன், கீழே ஒன்றும் இல்லை. சரிவுகூட இல்லை, நேராகப் பள்ளம். அடியில் ஏதோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி தண்ணீர் வெளியே ஓடியது. இந்தக் குடாவில் என்னைவிட நன்றாக நீந்துகிறவன் இல்லை என்று நானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறவன். என்னால் திரும்ப முடியவில்லை.

இரண்டு கையையும் தூக்கி அசைத்தேன். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பக் கையசைத்தார்கள். நம் ஊரில் யார் கையசைத்தாலும் பதிலுக்குக் கையசைப்பார்கள், அத்தை. அப்பா பானைக் கரண்டியைத் தூக்கி ஆட்டினார். பாய்சி, "சபாஷ்! இன்னும் கொஞ்சம் கத்துடா, சத்தம் பத்தல!" என்று கூவினான். அவன்மேல் தப்பில்லை. போன கிறிஸ்மஸுக்கு இதே மாதிரி மூழ்குவதாக நடித்து, இதே பாய்சியை உடுப்போடு குதிக்க வைத்தவன் நான்.

தண்ணீர் என்னைப் பாறை முனை வரை கொண்டுபோனது. அங்கே யாரோ போட்டிருந்த மீன்கூண்டின் கயிறு கையில் சிக்கியது. அவ்வளவுதான். கயிறு சிக்கியது, அதனால் எழுதுகிறேன்.

முட்டியெல்லாம் கிழிந்து கரைக்கு வந்தேன். அப்பா தட்டில் சாப்பாடு போட்டுக் கொடுத்து, "இந்தத் தடவ நல்லா நடிச்சடா. ரத்தத்த எதுல செஞ்ச, தக்காளியா?" என்றார். நான், "கீழ நிக்க எடமில்லப்பா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது, அதனால் அதுதான் வாயில் வந்தது. அப்பாவின் கரண்டி அப்படியே நின்றது. அந்த ஒரு கணம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "செத்துப்போன மனுசன் பேச்ச வச்சா விளையாடுற? உனக்கு எதுதான்டா விளையாட்டு இல்ல?" என்றார். அழுதுகொண்டே அடித்தார். அப்பா என்னை அடித்து நான் பார்த்ததில்லை, செருப்பு வீசியதோடு சரி, அதுவும் குறி தவறித்தான் வீசுவார்.

அம்மாவிடம் சொன்னேன். "உங்கப்பன் சந்தோஷத்தக் கெடுக்காத" என்கிறாள். பாய்சியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான். திங்கட்கிழமையே அடுத்த லோடு வந்தது. வராண்டாவுக்கு.

உங்கள் அறை அழகாக இருக்கிறது, அத்தை. மஞ்சள் சுவர். ஜன்னலைத் திறந்தால் நேரே அந்த இடம்தான் தெரியும். காலையில் எழுந்ததும் ஜெரோம் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடுவான், டமிகா அவன் பின்னால் ஓடுவாள். மேலிருந்து பார்த்தால் பச்சையும் நீலமுமாக, நீங்கள் விட்டுப்போன அதே தண்ணீர். உள்ளே இருப்பது தெரியாது. அவர்கள் கையசைத்தால் வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவும் கையசைப்பார்.

வராதீர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வராவிட்டால் அப்பா உடைந்துபோவார். பிள்ளைகளைத் தண்ணீரில் விடாதீர்கள் என்று மட்டும் எழுதினால், நீங்கள் அப்பாவிடம் கேட்பீர்கள், அவர் தொட்டி மாதிரி என்பார், தீவைக் கயிறு கட்டி இழுத்தவன் பேச்சையா நம்புகிறாய் என்பார். நீங்களும் பாதி நம்புவீர்கள். அந்தத் தீவு இப்போது நிஜமாகவே போய்க்கொண்டிருக்கிறது. கயிற்றில் இல்லை, லாரியில்.

அதனால் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா மிஸ் யூனாவின் கடையில்தான் இருப்பார். அங்கே போன் செய்யுங்கள். தாத்தா உங்கள் கனவிலும் வந்தார் என்று சொல்லுங்கள். கால்சட்டை சுருட்டியிருந்தது, நனைந்திருந்தது என்று சொல்லுங்கள். ஆனால் உங்களிடம் முழுசாகப் பேசினார் என்று சொல்லுங்கள்: "எனக்கு வராண்டா வேணாம், என் மணல எடுத்த எடத்துல போடச் சொல்லு, பிள்ளைங்களக் கரைக்கு விடாதன்னு சொல்லு" என்று. நான் சொன்னால் விளையாட்டு. நீங்கள் சொன்னால் அக்கா. தாத்தா சொன்னால் அவருக்கு அப்பா. உங்கள் தம்பி நம்புவார்.

இதுவரை எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், யாரையும் துணைக்குக் கூப்பிட்டதில்லை. இந்த ஒரு தடவை எனக்காகப் பொய் சொல்லுங்கள், அத்தை. கடவுள் உங்களையும் பிள்ளைகளையும் வறண்ட தரையில் வைத்துக் காப்பாற்றட்டும்.

ஒருவேளை தாத்தா ஏற்கெனவே அங்கேயும் வந்து நனைந்த காலோடு நின்றிருந்தால், பொய் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் போன் மட்டும் செய்யுங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
லெஸ்டன் எமானுவேல் குவாஷி